சுவர்ப் பக்கமிருந்து வந்த சமாதானம்

இடம் கிடைத்துவிட்டது. அதுவே பாதி ஜெயம். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சு, சுவரோரம் ரூபாவதி, அவளை ஒட்டி ஞானப்பூ. இந்த இடத்துக்காகத்தான் முதல் மணி அடிக்கும் முன்னே வந்து, வாசலில் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து நிமிர்ந்து இடுப்பு விட்டுப் போகிற அளவுக்கு நின்றாள். ரூபாவதி வருகிறாளா, உள்ளே போகிறாளா, உட்கார்ந்துவிட்டாளா என்று பார்த்து, உட்கார்ந்த அடுத்த நிமிஷம் சத்தமில்லாமல் போய்ப் பக்கத்தில் அமர்ந்தாள். ரூபாவதி திரும்பிப் பார்த்தாள். ஏழு மாசத்தில் முதல் தடவை. முந்தானையை இழுத்து மடியில் கிடந்த கைகளை மூடிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தாள். நகரு, நல்லா நகரு, சுவருக்குள்ளயா போயிருவே? அந்தப் பக்கம் இருப்பது ஓர் ஆள் ஒதுங்கிப் போகிற சந்து, மின்விசிறி சுவிட்ச் போடக் கோயில் வேலை பார்க்கிற கோயில்குட்டியார் மட்டும் நுழைகிற வழி. ஞானப்பூவுக்கு வயிறு காய்ந்தது. காலையில் ஒரு சொட்டுக் காப்பி குடிக்கவில்லை. நற்கருணை நாளில் வெறும் வயிற்றோடு கோயிலுக்கு வருவது அவள் அம்மை காலத்துப் பழக்கம். பழி வாங்குவதற்கும் வெறும் வயிறுதான் தோது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. லெந்து என்கிற தவக்கால நாட்கள் என்பதால் பீடத்தில் ஊதாத் துணி விரித்திருந்தார்கள். மார்ச் மாசத்து வெயில் எட்டு மணிக்கே ஜன்னல் வழியாக வந்து ரூபாவதியின் தோளில் விழுந்தது. வெள்ளைச் சேலை, சந்தனப் பவுடர் வாசம், எல்லாம் பழைய ரூபாவதிதான். உலகத்தில் எத்தனையோ பேர் நாசமாய்ப் போகிறார்கள், இவளுக்கு ஒரு தலைவலி கூட வந்ததில்லை.

பாட்டு தொடங்கியது. ஞானப்பூவும் எழுந்து நின்று வாயசைத்தாள். வாய்க்குப் பாட்டு மனப்பாடம், அதனால் மனசுக்கு வேறு வேலை பார்க்க நேரம் இருந்தது. இந்தச் சபையில் சமாதானம் கொடுக்கிறதுக்கு ஒரு வரிசை உண்டு. மன்றாட்டு ஜெபங்கள் முடிந்ததும் சபைப் போதகரான ஐயர் பீடத்திலிருந்து நடுவழியாக இறங்கி வருவார். ஒவ்வொரு பெஞ்சிலும் ஓரத்தில் நிற்பவரின் கைகளைத் தன் இரண்டு கைக்குள் பொதிந்து, சமாதானம் உண்டாவதாக என்பார். வாங்கினவர் அதே மாதிரி அடுத்தவர் கையைப் பொதிந்து அதைக் கொடுக்க வேண்டும். அப்படியே கை மாறிக் கை மாறிச் சுவர் வரைக்கும் போகும். யாரையும் தாண்டிப் போகக் கூடாது, தாண்டினால் அது சமாதானமே இல்லை என்று அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு வழிப்பக்கமிருந்து வரும், வலப்பக்கம் இருக்கிற கனகபுஷ்பம் அக்கா கைக்கு வரும், கனகபுஷ்பம் அக்காவிடமிருந்து ஞானப்பூ கைக்கு வரும். அதோடு சரி. ஞானப்பூ இரண்டு கையையும் கட்டிக்கொண்டு பீடத்தைப் பார்த்து நிற்பாள். ரூபாவதி கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். பின்னால் இருக்கிற பதினாலு பெஞ்சும் பார்க்கும். நீட்டின கை நீட்டினபடியே அந்தரத்தில் நிற்கணும், அப்புறம் மெல்ல மெல்ல இறங்கணும், இறங்குகிறதை எல்லாரும் பார்க்கணும். ஒரு வார்த்தை பேச வேண்டாம், ஒரு சண்டை போட வேண்டாம். சண்டை போட்டால் ஞானப்பூவுக்கு நாக்கு குழறும், ரூபாவதிக்கோ வாய் பெண்கள் சங்கத்துச் செயலாளர் வாய். இதுதான் சரி. மத்தியானம் மகள் ஹெப்சிக்குப் போன் போட்டு, உன்னைச் சபை முன்னால குனிய வச்சவள நானும் சபை முன்னால குனிய வச்சுட்டேன் மக்களே என்று சொல்லணும். அந்த வாக்கியத்தை இரண்டு வாரமாகத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. சொல்லும்போது ஹெப்சி போனை வைக்க மாட்டாள். அம்மா, அப்படியா செஞ்சிய என்பாள். அந்த ஒரு கேள்வி போதும்.

சபை முன்னால். இதே சபை முன்னால்தானே எல்லாம் நடந்தது. போன ஆகஸ்டில் ஹெப்சிக்கு முதல் ஓலை வாசித்தார்கள். கல்யாண அறிவிப்பைக் காகிதத்தில் எழுதி வாசித்தாலும் இந்தப் பக்கம் அதற்குப் பேர் ஓலைதான், மூன்று ஞாயிறு வாசிக்கணும். மாப்பிள்ளை தூத்துக்குடி, துறைமுகத்தில் வேலை, நல்ல பையன், முகத்தில் சிரிப்பு குறையாதவன். முதல் ஞாயிறு ஹெப்சிபா என்ற பேரை ஐயர் வாசித்தபோது ஞானப்பூ குனிந்து சேலை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டாள், ஏழு பவுன் போட்ட மாதிரி கழுத்து தானாக நிமிர்ந்தது. வியாழக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம். பன்னிரண்டு பெண்கள், அதில் ஒருத்தி மாப்பிள்ளைக்குச் சித்தி முறை. கடைசி ஜெபம் ரூபாவதி செய்தாள். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் உயர்த்தி, அந்த அழுத குரலில். ஆண்டவரே, பேரைச் சொல்ல விரும்பல, உமக்கே தெரியும், எங்க மத்தியில கல்யாணத்துக்கு நிக்கிற ஒரு பொம்பளப் பிள்ளையோட சரீரத்துல உள்ள அந்த வலிப்புக் கட்டை இன்னிக்கே அறுத்துப் போடும். பேரைச் சொல்ல விரும்பலையாம்! ஊரில் அந்த வாரம் ஓலை வாசித்தது ஒரே ஒரு பெண்ணுக்கு. பன்னிரண்டு பேரும் ஆமென் சொன்னார்கள். ஞானப்பூவும் சொன்னாள், வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது, சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்தால் அந்தச் சித்தி ஏற்கெனவே திறந்திருந்தாள். சனிக்கிழமை காலையில் தூத்துக்குடியிலிருந்து போன். அடுத்த ஞாயிறு ஐயர் அறிவிப்புகளை வாசித்தார், ஆண்கள் ஐக்கியக் கூட்டம், கல்லறைத் தோட்டத்துச் சுவர் வேலை, அசனப் பண்டிகைக்கு அரிசி கொடுக்கிறவர்கள் பேர் கொடுக்கவும். அதோடு காகிதத்தை மடித்துவிட்டார். ஓலை இல்லை. அப்போது ஒரு அமைதி வந்ததே, மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டதே, ஹெப்சி பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளே. அந்த அமைதியைத்தான் ஞானப்பூ இன்றைக்குத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள். உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்.

பாவ அறிக்கை. எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். முட்டி வலித்தது. சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் என்று வாய் சொல்லிக்கொண்டே போனது. சொல்லாலும். கேட்டியாடி ரூபாவதி, சொல்லாலும். ஓரக் கண்ணால் பார்த்தாள். ரூபாவதி கண்ணை இறுக மூடிக்கொண்டு, இன்னும் கைகளை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள். இது ஒரு புதுப் பழக்கம். அதைவிடப் பெரிய விஷயம், மூன்று மாசமாக ரூபாவதி நற்கருணை எடுக்கப் போவதில்லை. எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போகும்போது அவள் மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருப்பாள். ஊரே பேசுகிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது ஞானப்பூவுக்குத் தொண்டைக்குள் தேன் இறங்கின மாதிரி இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அந்தத் திராட்சை ரசக் கிண்ணத்தை வாயில் வைக்க அவளுக்குத் தைரியம் இல்லை, வைத்தால் சுடும் என்று அவளுக்கே தெரியும். ஆண்டவர் சும்மா இருக்கவில்லை, உள்ளுக்குள் வேலை செய்கிறார் என்று அன்றைக்கு ஞானப்பூ ராத்திரிச் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டாள். ஆனால் அது போதவில்லையே. உள்ளுக்குள் சுடுவது யார் கண்ணுக்குத் தெரிகிறது? ஹெப்சிக்கு அதைச் சொன்னபோது, சரிம்மா, மீட்டிங் இருக்கு, வைக்கேன் என்றாள். கோயம்புத்தூரில் ஒரு ஆபீசில் அப்படி என்ன ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்? ஞானப்பூ கேட்கவில்லை. கேட்டால், சும்மா சொன்னேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

பயம் வேறு எதற்கு? ஒன்றுக்கும் இல்லை. ஹெப்சி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த சேலையைத் திருப்பி அனுப்ப மடித்துக்கொண்டிருந்தாள், நிமிராமலே கேட்டாள். ரூபாவதி அத்தைக்கு எப்படிம்மா தெரியும்? ஞானப்பூ சொன்னாள், மருந்துக் கடையில பாத்திருப்பா, நீ மாத்திரை வாங்கும்போது பின்னால நின்னிருப்பா, அவ கண்ணு எங்கதான் இல்ல. ஹெப்சி சேலையின் கரையைக் கரையோடு சேர்த்தாள். நான் ஊர்ல மாத்திரை வாங்குறதே இல்லையேம்மா, கோயம்புத்தூர்லதானே வாங்குதேன். அப்ப யாரோ சொல்லியிருப்பாவ என்றாள் ஞானப்பூ. யாரும்மா? உங்களுக்கும் எனக்கும் டாக்டருக்கும்தானே தெரியும்? அந்தப் பிள்ளை அன்றைக்கு அதற்கு மேல் கேட்கவில்லை. கட்டிக்கிடப் போறவர்ட்ட நானே சொல்லிக்கிடுதேன், அவருக்குத் தெரியாம கழுத்த நீட்ட மாட்டேன், ஆனா நான் சொல்ற வரைக்கும் நீங்க யார்ட்டயும் சொல்லிராதிய என்று கல்யாணம் பேசின அன்றே சொன்னவள். கல்லூரியில் இரண்டே தடவை வலிப்பு வந்தது, அதற்கப்புறம் இல்லை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், டாக்டரே கல்யாணத்துக்குத் தடை இல்லை என்றார். இரண்டாம் தடவை வந்தபோது ஞானப்பூ கூட இருந்தாள். விடுதி அறைத் தரையில் அந்தக் கை வெட்டி வெட்டி இழுத்தது, பிடித்தால் பிடி நிற்கவில்லை, ஆனாலும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். சரி, அது எதற்கு இப்போது. மருந்துக் கடை. மருந்துக் கடையில்தான் பார்த்திருப்பாள். கோயம்புத்தூரில் அவள் தங்கச்சி மகள் இருக்கிறாள், போயிருப்பாள், பார்த்திருப்பாள். ஏன் பார்த்திருக்கக் கூடாது?

பிரசங்கம் தொடங்கிவிட்டது. நம்ம ஐயருக்குக் கண் ஆபரேஷன், அதனால் பக்கத்துச் சேகரத்துச் சபையிலிருந்து வயசான ஐயர் ஒருத்தர் வந்திருந்தார். மெலிந்த உடம்பு, குரல் மட்டும் கணீர். சுத்தி வளைக்காமல் கேட்டார், பக்கத்துல இருக்கவங்க பேரு உங்களுக்குத் தெரியுமா? தெரியும். வீடு தெரியுமா? தெரியும். பாரம் தெரியுமா? அதைச் சொல்லவும் ஒரு ஆளில்லாம, கேக்கவும் ஒரு ஆளில்லாம வாரத்துக்கு வாரம் வந்து போனா இது கோயிலா, பஸ் ஸ்டாண்டா? நாலைந்து பேர் சிரித்தார்கள். ஞானப்பூ சிரிக்கவில்லை. பாரம் தெரிந்ததால்தானே ஐயா இந்தக் கூத்தெல்லாம். தெரியாமலே இருந்திருந்தால் என் பிள்ளைக்கு இந்நேரம் கல்யாணம் முடிந்திருக்கும். உமக்கென்ன, பேசிவிட்டு மத்தியானக் கோழிச் சாப்பாடு சாப்பிட்டுப் போய்விடுவீர். ஆனாலும் பஸ் ஸ்டாண்டு என்ற வார்த்தை எங்கேயோ போய்க் குத்தியது. புருஷன் தேவபிச்சை சாகும் வரைக்கும் அவளுக்கு இந்தச் சபை பஸ் ஸ்டாண்டாகத்தான் இருந்தது. வருஷக்கணக்காக ஒரே பெஞ்சு, ஒருத்தர் வீட்டு நடையையும் மிதித்ததில்லை. அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் பஸ் ஏறின ஒன்பதாம் நாள், ரூபாவதி வந்தாள். வேதம் வாசிக்கவில்லை, ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்கவில்லை. அடுக்களைக்குள் போய்த் தொட்டியில் நாற்றமெடுத்துக் கிடந்த பாத்திரம் அத்தனையும் விளக்கிக் கவிழ்த்தாள். கஞ்சி வைத்துக் கொடுத்தாள். குடி ஞானம், நான் பாத்துக்கிட்டே இருக்கேன், குடிச்சாத்தான் போவேன் என்றாள். அந்தக் கஞ்சிக்கு உப்புக் குறைவு. இந்த நினைப்பு எதற்கு இப்போது வரணும்? போ, சவமே, போ. பாத்திரம் விளக்கினவள்தான் பிள்ளை வாழ்க்கையையும் விளக்கிக் கவிழ்த்தாள்.

ஐயர் பேசிக்கொண்டே போனார், ஞானப்பூ பக்கத்தில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானைக்குள் ஏதோ அசைந்தது, ஜெபமாலையா உருட்டுகிறாள், நாம என்ன கத்தோலிக்கரா? வியாழக்கிழமை கூட்டத்துக்கு அவளை முதலில் கூட்டிப்போனதும் ரூபாவதிதான். ஒவ்வொருத்தரும் ஜெபக்குறிப்பு சொல்லணும். ஒருத்தி மருமகன் குடி என்றாள், ஒருத்தி சர்க்கரை என்றாள், ஒருத்தி மகன் விசா என்றாள். சொல்லச் சொல்ல மற்றவர்கள் முதுகைத் தடவினார்கள், கண்ணீரைத் துடைத்தார்கள். ஞானப்பூ முறை வந்தது. ஒண்ணும் இல்லக்கா, எல்லாரும் சுகம் என்றாள். குடுத்து வச்சவ என்று கனகபுஷ்பம் அக்கா சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள். அதற்கப்புறம் வாராவாரம் அப்படித்தான். ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒன்றும் இல்லாதவளுக்கு யார் முதுகைத் தடவுவார்கள்? காப்பி டம்ளர் கூட அவளிடம் கடைசியாகத்தான் வந்தது, ஆறிப்போய். தேவபிச்சை செத்தது பழைய செய்தியாகிவிட்டது, ரூபாவதியும் இப்போது மருமகன் குடிக்கிறவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஞானப்பூவுக்கு வயிறு எரிந்தது. ஆமாம், எரிந்தது, அதில் என்ன வெட்கம். அப்புறம் ஒரு நாள் ரூபாவதி வீட்டு அடுக்களையில் இரண்டு பேரும் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தபோது, ரூபாவதி சும்மாதான் கேட்டாள், கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், உனக்கு ஏதும் ஜெபக்குறிப்பு உண்டா ஞானம்?

மருந்துக் கடை. மருந்துக் கடை என்றால் மருந்துக் கடை. ஆனால் கீரைக் காம்பின் பச்சை வாசம் மூக்கில் ஏறிவிட்டது, இனி இறங்காது. நமக்குள்ள இருக்கட்டும்க்கா என்றுதான் ஞானப்பூ ஆரம்பித்தாள். பாவம் பிள்ளை, யார்ட்டயும் சொல்லாதம்மான்னு சொல்லியிருக்கா, ஒங்ககிட்ட சொல்லாம வேற யார்ட்டச் சொல்லுவேன் என்று சொல்லிவிட்டு, விடுதித் தரையையும் வெட்டி இழுத்த கையையும் வாயில் வந்த நுரையையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்ல வேண்டியதற்கு மேலேயே சொன்னாள். ரூபாவதி கீரையைக் கீழே போட்டுவிட்டு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். இவ்வளவையும் தனியாவா சுமந்தே, என் தங்கமே என்றாள். முதுகைத் தடவினாள். பத்து நிமிஷம் இருக்கும். தேவபிச்சை போனதற்கப்புறம் அந்தப் பத்து நிமிஷம்தான் ஞானப்பூ சந்தோஷமாக இருந்தாள், மகளுடைய நோவைக் கொடுத்து வாங்கின பத்து நிமிஷம். ஐயோ, இதை யார் கேட்டது, யார் இப்போது கேட்டது? சொன்னேன், சரி, சொன்னேன், ஒருத்தியிடம் சொன்னேன், நம்பித்தானே சொன்னேன். பன்னிரண்டு பேர் முன்னால் கையை உயர்த்திக் கத்தினது நானா? ஆடு நனையுதேன்னு அழுதது நானா? கொடுத்தவளை விட்டுவிட்டு அதை ஊருக்குள் இறைத்தவளைப் பிடிக்கணும், அதுதான் நியாயம். ஞானப்பூ பல்லைக் கடித்தாள், பக்கத்து மடியில் முந்தானை அசைந்துகொண்டே இருந்தது, அதைப் பிடுங்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

மன்றாட்டு முடிந்தது. எழுந்து நின்றார்கள். ஞானப்பூ வலப்பக்கம், கனகபுஷ்பம் அக்காவின் தடித்த கைகளைப் பார்த்துத் தயாராக நின்றாள். வாங்கணும், கையைக் கட்டணும், பீடத்தைப் பார்க்கணும். வாங்கணும், கட்டணும், பார்க்கணும். கனகபுஷ்பம் அக்கா ஏன் இந்தப் பக்கம் பார்க்கிறாள்? நடுவழியில் ஐயரைக் காணோமே. இடப்பக்கம் ஏதோ நிழல் விழுந்தது. அந்தக் கிழவர், வழி தெரியாத மனுஷன், நம்ம சபை வழக்கம் யாரும் சொல்லிக் கொடுக்காத மனுஷன், சுவிட்சுச் சந்துக்குள் நுழைந்து சுவரோரமாக வந்துகொண்டிருந்தார்! முதல் பெஞ்சு, இரண்டாம் பெஞ்சு, மூன்றாவது. ரூபாவதியின் கையைப் பொதிந்து, சமாதானம் உண்டாவதாக என்றார். நல்லா இருக்கே கதை, எல்லாம் தலைகீழ், கொடுக்காமல் இருக்கத்தானே யோசித்து வைத்திருந்தேன், வாங்காமல் இருப்பதற்கு என்ன செய்யணும்? முகத்தைத் திருப்பணுமா, பின்னால் போகணுமா, யோசிக்க இரண்டு வாரம் வேண்டுமே. ரூபாவதி அவள் பக்கம் திரும்பினாள். ஞானப்பூவுக்கு ஐம்பத்தெட்டு வயசு. நினைவு தெரிந்த நாளிலிருந்து, பக்கத்து ஆள் திரும்பினால் அவள் கை கூப்பிக்கொண்டு முன்னால் போகும். இன்றைக்கும் போய்விட்டது. வேண்டாம் என்று மனசு கத்துவதற்குள் கை போய் ரூபாவதியின் கைகளுக்குள் அடங்கிவிட்டது. சீ, பாழாய்ப்போன கையே.

அப்புறம்தான் தெரிந்தது. ரூபாவதியின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பயத்தில் வருகிற நடுக்கம் இல்லை, அழுகையில் வருவதும் இல்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஏதோ உருட்டுகிற மாதிரி அது பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தன, இடது கையால் வலது கையை அமுக்கிப் பிடித்திருந்தாள், அமுக்கியும் நிற்கவில்லை. ஞானப்பூவின் கையையும் சேர்த்து அது ஆட்டியது. விடுதித் தரை. பிடித்தால் பிடி நிற்காத கை. ஞானப்பூ ஒன்றும் நினைக்கவில்லை, இறுக்கிப் பிடித்தாள், அந்தத் தரையில் பிடித்த மாதிரியே. ரூபாவதியின் உதடு காதுக்குப் பக்கத்தில் வந்தது. சமாதானம் என்று சொல்ல வேண்டிய இடத்தில், யார்ட்டயும் சொல்லிராத ஞானம் என்றாள். பிள்ளைகளுக்குக் கூடத் தெரியாது. கிண்ணத்தத் தூக்க முடியல, சிந்திருது. அவ்வளவுதான். முழு வாக்கியம் கூட இல்லை. ஆக, அந்த மூன்று மாசம் அதுதானா? குற்றமுள்ள நெஞ்சு இல்லையா? தொண்டையில் இறங்கின தேன், ருசித்துச் சாப்பிட்ட சாப்பாடு, எல்லாம் இந்த நடுங்குகிற விரலுக்கா? ஞானப்பூ கையை உருவிக்கொண்டாள். வலப்பக்கம் கனகபுஷ்பம் அக்கா கூப்பின கையோடு காத்திருந்தாள். அவளுக்குச் சமாதானத்தைக் கொடுத்தாள், என்ன சொல்லிக் கொடுத்தாளோ, அவளுக்கே காதில் விழவில்லை.

காணிக்கை, பாட்டு, நற்கருணை ஜெபம். எல்லாம் எங்கேயோ நடந்தது. ஞானப்பூவின் உள்ளங்கையில் அந்த ஆட்டம் இன்னும் இருந்தது, அதோடு கூடவே வேறொன்றும் மெல்ல ஊறி வந்தது, இனிப்பாக. அடியே, இதை விடப் பெரிய ஆயுதம் உனக்கு எங்கே கிடைக்கும்? கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறதெல்லாம் ஒரு பழியா, சின்னப் பிள்ளை விளையாட்டு. இது அல்லவா பழி. அவள் கொடுத்ததையே அவளுக்கு, அதே மாதிரி, அதே வழியில். சங்கத்துச் செயலாளருக்குக் கை ஆடுகிறது என்று தெரிந்தால் அவளை உட்கார வைத்துவிடுவார்கள், பாவம் பாவம் என்பார்கள், காப்பி டம்ளரைப் பாதி ஊற்றித்தான் கொடுப்பார்கள். வியாழக்கிழமை போதும். முதல் இரண்டு பெஞ்சும் எழுந்து பீடத்துக்குப் போய்த் திரும்பின. மூன்றாவது பெஞ்சின் முறை. ரூபாவதி எழுந்திருக்கவில்லை, கைகளை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். கனகபுஷ்பம் அக்கா எழுந்தவள் குனிந்தாள், சேலை சரசரக்க ஞானப்பூவின் காதுக்குள் வந்தாள். ஏட்டி ஞானம், இன்னிக்கும் போகல பாரு. சமாதானம் குடுக்கும்போது என்னமோ சொன்னாளே. என்ன விஷயம்? சும்மா சொல்லு, ஜெபிக்கத்தானே கேக்கேன்.

வியாழக்கிழமை கூட வேண்டாம், இதோ இப்போதே. ஞானப்பூவின் வாயில் வார்த்தை தயாராக வந்து நின்றது, முதல் வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. பாவம். நமக்குள்ள இருக்கட்டும்க்கா. அதே வார்த்தை! கீரைக் காம்பு வாசத்தோடு, அன்றைக்கு அடுக்களையில் எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில், அதே இளகின குரலில் வந்து நின்றது. இப்படித்தான் சொன்னேன். யாரும் என் வாயைப் பிடுங்கவில்லை, மருந்துக் கடையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, இவளைப் போல ஒருத்தி சும்மா கேட்டாள், நான் இப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன். கனகபுஷ்பம் அக்காவின் கண் பளபளவென்று பக்கத்தில் இருந்தது, கை ஏற்கெனவே அவள் முதுகைத் தடவத் தொடங்கியிருந்தது. எத்தனை நாளாயிற்று யாராவது முதுகைத் தடவி.

"ஒண்ணும் இல்லக்கா" என்றாள்.

"ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்ல. நீங்க போங்க."

முதுகிலிருந்து கை எடுபட்டது. கனகபுஷ்பம் அக்கா உதட்டைச் சுழித்துக்கொண்டு பீடத்துக்கு நடந்தாள், மற்ற இரண்டு பேரும் ஏற்கெனவே போயிருந்தார்கள். பெஞ்சில் இரண்டு பேர் மிச்சம். பழி போயிற்று, இரண்டு வாரத்துப் பழியும் போயிற்று, கையில் வந்து விழுந்ததும் போயிற்று, வயிறு மட்டும் காய்ந்து கிடந்தது. பக்கத்தில் ரூபாவதி மூக்கை உறிஞ்சினாள். அது வேறு எரிச்சலாக இருந்தது. உனக்காகன்னு நினைச்சியா? ஞானப்பூ ஜன்னல் பக்கம் திரும்பாமலே, பல்லுக்கிடையில் சொன்னாள், "ஒங்கள நான் மன்னிக்கல. அதத் தெரிஞ்சுக்கோங்க."

"தெரியும்" என்றாள் ரூபாவதி. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீ போகலியா?" என்றாள்.

"போகல."

சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள் தட்டில் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் பீடத்திலிருந்து கேட்டது. இன்றைக்கு அந்தக் கிண்ணத்தைத் தூக்கினால் தன் கையும் ஆடும் என்று ஞானப்பூவுக்குத் தெரிந்தது. மத்தியானம் ஒரு மணிக்குப் போன் போடணும். உன்னைச் சபை முன்னால குனிய வச்சவள என்று தொடங்குகிற வாக்கியம் இனி ஒன்றுக்கும் ஆகாது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று தேடினாள். ஹெப்சி, நீ அன்னிக்குக் கேட்டியே, ரூபாவதி அத்தைக்கு எப்படித் தெரியும்னு. அது நீளம், அதற்குள் மீட்டிங் வந்துவிடும். அந்தப் பிள்ளை வைக்கிறதுக்குள் சொல்லி முடிக்கணும். குறைத்துப் பார்த்தாள், இன்னும் குறைத்தாள், சத்தம் வராமல் உதட்டை அசைத்துச் சொல்லிப் பழகினாள்.

நாந்தான் சொன்னேன், மக்களே.